சின்ன பாகம் செத்தால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டியிருக்கிறதே, ஏன்?

நெடுஞ்சாலை நிலா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் ஆற்றாமையோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஒரு பக்கத்துப் பகல் விளக்கு (இன்ஜின் ஓடும்போது பகலிலும் எரிவது) முதலில் மங்கியது, பிறகு துடித்தது, இப்போது அணைந்தே விட்டது. உள்ளே இருப்பது விரல் நீள எல்ஈடி பட்டை. அது தனியாக வராது, ஹெட்லைட்டை அசெம்பிளியாகத்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். லோ பீம், ஹை பீம் இரண்டும் நன்றாக இருக்கின்றன, இண்டிகேட்டர் எரிகிறது, மேல் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. இவ்வளவையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். புதியதை மாட்ட முன் பம்பரை இறக்க வேண்டும். பம்பரை இறக்க, வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைப் பாதி கழற்ற வேண்டும். அந்த லைனரைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை ஒருமுறை எடுத்தால் பாதி உடைந்துவிடும், அவையும் புதிதாக வாங்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஸ்கேனரைச் செருகி, புது விளக்கை வண்டியின் கணினியில் பதிவு செய்யும் கோடிங் வேலையும் செய்ய வேண்டும், இல்லையென்றால் டாஷ்போர்டில் எச்சரிக்கை அணையாது.

எரியும் பொருள் ஒருநாள் அணையும் என்பது இதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அதை ஏன் கை நுழையாத இடத்தில் வைத்து, சுற்றிலும் பசை போட்டு ஒட்டுகிறார்கள்? உங்கள் வண்டிகளில் இப்படி எந்தெந்தப் பாகம் மாட்டிக்கொண்டிருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். நல்ல காரணம் இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள ஆசை.

---

மூன்றாம் கியர்

எனக்கு ஏசி ஃபிளாப் மோட்டார். டாஷ்போர்டுக்கு உள்ளே, சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கிற கதவைத் திருப்பும் குட்டி மோட்டார். அதற்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம். ஒரு பல் போனதும் வண்டியை ஸ்டார்ட் செய்தாலே டக் டக் டக் என்று அடிக்கிறது. மோட்டார் தீப்பெட்டி அளவுதான், மூன்று ஸ்க்ரூ. அந்த மூன்றாவது ஸ்க்ரூவுக்குப் போக டாஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டுமாம்.

---

ரிங் ஸ்பானர்

நான் பட்டறையில இருக்கிறவன். தினமும் இதே பாடுதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நிலா சொன்னது கண்ணுக்குத் தெரியுற விஷயம். தெரியாத இடத்துல இன்னும் மோசம். கிளட்சை எடுத்துக்குங்க. பெடலை மிதிச்சா ஆயில் அழுத்தத்துல கிளட்சை விடுவிக்கிற கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் முன்னாடி கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும். ரெண்டு போல்ட், ஒரு பைப். ஆயில் கசிஞ்சா வெளியிலயே தெரியும், கழட்டிப் புதுசு மாட்டி ஏர் எடுத்தா முடிஞ்சது. இப்ப பல வண்டியில அதை கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுத்தி, கிளட்சை மூடுற பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே வளையமா வச்சுட்டாங்க. ரிலீஸ் பேரிங்கும் அதுவும் ஒண்ணு. பாடி பிளாஸ்டிக். உள்ள இருக்குற சீல் போச்சுன்னா பெடல் கீழ போய் ஒட்டிக்கும். அதுக்கு கியர்பாக்ஸையே இறக்கணும். டிரைவ் ஷாஃப்ட் ரெண்டும் வெளியே, சில வண்டியில இன்ஜினுக்குக் கீழ இருக்குற சப்ஃபிரேமும் இறங்கணும்.

கியர்பாக்ஸை இறக்கினவங்க கிளட்ச் நல்லா இருந்தாலும் திரும்ப அதையே மாட்ட மாட்டாங்க, ஏன்னா இன்னொரு தடவை இறக்க யாருக்கும் தெம்பு கிடையாது. ஆக, ஒரு ரப்பர் சீலுக்காக கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் பாதி ஆயுசுலயே போகுது. வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்றதுதான் எங்க வேலையிலயே கஷ்டமான பகுதி. ஏமாத்துறோம்னு நினைப்பாரு. நினைக்கிறதுல தப்பும் இல்ல.

அடுத்தது கூலண்ட் பாகங்கள். சூட்டைப் பார்த்து கூலண்டைத் திறந்து விடுற தெர்மோஸ்டாட் மேல ஒரு அலுமினிய மூடி, கீழ ஒரு கேஸ்கட், நடுவுல தெர்மோஸ்டாட், அவ்வளவுதான் இருந்தது. இப்ப மூடி, தெர்மோஸ்டாட், சென்சார், நாலு பைப் வாய் எல்லாம் சேர்ந்து ஒரே பிளாஸ்டிக் கட்டி. கண்ணாடி இழை கலந்த நைலான். சூடான கூலண்ட் பட்டுப் பட்டு வருஷங்கள்ல அது மொறுமொறுன்னு ஆயிடும். ஹோஸை இழுத்தா வாய் கையோட உடைஞ்சு வரும். அதை எங்க வைக்கிறாங்கன்னா இன்ஜினுக்குக் காத்து கொண்டுபோற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில. மேனிஃபோல்டை எடுத்தா அதோட கேஸ்கட்டும் புதுசு போடணும்.

---

தென்றல்77

படிக்கவே பதறுகிறது. அப்படியானால் பழைய வண்டிகள்தான் நல்லவையா? அப்பா காலத்து வண்டியில் பானெட்டைத் திறந்தால் தரை தெரியும். எல்லாவற்றுக்கும் கை போகும். இப்போது திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

---

பழைய வண்டிக்காரன்

தென்றல், பழைய வண்டிகளை வைத்துப் பராமரிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கை போனது உண்மை. ஆனால் கை போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. இக்னிஷன் பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி பார்க்க வேண்டும், வால்வு கிளியரன்ஸ் வைக்க வேண்டும், ஸ்டீயரிங் மூட்டுகளுக்கு கிரீஸ் நிப்பிள் வழியாக அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும், முன் சக்கர பேரிங்கைக் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்து நட்டை அளவாக இறுக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் வழியில் நிற்க வேண்டியதுதான். அந்த உழைப்பை மறந்துவிட்டு அந்தக் காலத்தை மட்டும் நினைத்து ஏங்குவது சரியாகாது.

ஆனால் நிலா கேட்ட ஹெட்லைட் விஷயத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. நம் விவாதத்துக்கு அதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 1940 மாடல் கார்களிலிருந்து சீல்டு பீம் என்ற ஹெட்லைட் வந்தது. ஏழு அங்குல விட்டமுள்ள வட்டம். முன் கண்ணாடி, பின்னால் பிரதிபலிப்பான், உள்ளே இழை எல்லாம் சேர்த்து மூடி ஒட்டிய ஒரே கண்ணாடிக் கூடு. இழை அறுந்தால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டும். இன்று நாம் திட்டுகிற அதே ஏற்பாடுதான். ஆனாலும் யாருக்கும் அது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. ஏனென்றால் அளவு பொதுவானது. முதலில் எந்த நிறுவனத்தின் கார் என்றாலும் அதே வட்டம்தான், பிறகு வந்தவையும் எல்லோருக்கும் பொதுவான சில அளவுகள்தான். எந்த உதிரிபாகக் கடையிலும் இருக்கும். முன்பக்கம் ஒரு வளையத்தைப் பிடித்திருக்கும் சில திருகுகளை எடுத்தால் விளக்கு கையோடு வந்துவிடும், பின்னால் மூன்று முனை கொண்ட பிளக் மட்டும். புது விளக்கோடு புது கண்ணாடியும் புது பிரதிபலிப்பானும் வருவதால் வெளிச்சம் மறுபடி முழுசாகக் கிடைக்கும். 1983 வரை அங்கே சட்டப்படி சீல்டு பீம்தான். அதன் பிறகுதான் காருக்குக் கார் வேறு வடிவ ஹெட்லைட்டும், பின்னாலிருந்து தனியாக மாற்றும் பல்பும் அனுமதிக்கப்பட்டன.

தூக்கிப் போடும் பாகம் என்பதாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது. அதை எடுக்கவும் மாட்டவும் எவ்வளவு பாடு, வேறு எங்கும் அது கிடைக்குமா, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

---

உலோகவியல்

வாகன பாகங்கள் வடிவமைக்கும் துறையில் இருக்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். பழைய வண்டிக்காரன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து சில விளக்கங்கள்.

தொழிற்சாலையில் கார் பாகம் பாகமாகக் கூடுவதில்லை, தொகுதி தொகுதியாகக் கூடுகிறது. டாஷ்போர்டு தனியாக ஓரிடத்தில் முழுசாகக் கட்டப்படுகிறது: ஹீட்டர் பெட்டி, ஏசி எவாப்பரேட்டர், ஃபிளாப் மோட்டார்கள், வயரிங், ஸ்டீயரிங் தாங்கி எல்லாம் அதிலேயே. பிறகு அந்த முழுத் தொகுதியையும் கதவு வழியாக உள்ளே செருகி நான்கைந்து இடத்தில் போல்ட் போடுகிறார்கள். கட்டுகிறவருக்கு அந்த மோட்டார் கண் முன்னால், இடுப்பு உயரத்தில் இருக்கிறது. மூன்று ஸ்க்ரூவும் நொடியில் போய்விடும். வண்டிக்குள் தொகுதி போன பிறகு அதே மோட்டார் மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த மூலைக்குள் இருக்கிறது. எங்கள் வரைபடத்தில் 'கூட்டும் வரிசை'க்குப் பெரிய இடம் உண்டு. 'பத்து வருடம் கழித்துக் கழற்றும் வரிசை'க்கு இடம் மிகக் குறைவு. கெடுக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடுவதில்லை. அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு வாக்கு குறைவு.

ஹெட்லைட்டில் பசை வந்ததற்குக் காரணம் ஈரம். திருகும் ரப்பரும் வைத்த மூடியைவிடப் பசை நீரை நன்றாகத் தடுக்கும், எடையும் குறைவு. எல்ஈடியின் வெப்பத்தை வெளியேற்ற அலுமினியத் தட்டோடு இணைக்க வேண்டும், அந்தத் தட்டைக் கூட்டோடு இணைக்க வேண்டும். இதையெல்லாம் கழற்றி மாட்டும்படி செய்யலாம், சிலர் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு செலவு, ஒரு கசிவு வாய்ப்பு.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் பலவற்றை மீள் எல்லை (விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் எல்லை) தாண்டி நீளும்வரை இறுக்குகிறோம். அப்போதுதான் பிடிமானம் எல்லா போல்ட்டிலும் சீராக வரும். நீண்டது மறுபடி சுருங்காது, அதனால் கழற்றினால் புதிது போட வேண்டும். சீட் பெல்ட்டை விபத்தில் இழுத்துப் பிடிக்கும் பிரீடென்ஷனர் ஒருமுறை வெடித்தால் முடிந்தது. ஆயில் டிரெய்ன் போல்ட்டின் செம்பு வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. இவை தூக்கிப் போடத்தான் வேண்டும்.

சக்கர பேரிங்கிலும் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பழைய வண்டிக்காரன் சொன்ன கழுவி, கிரீஸ் வைத்து, நட்டை அளவாக இறுக்கும் வேலையே இப்போது இல்லை. ஹப், பேரிங், ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையம் எல்லாம் சேர்ந்த ஒரே யூனிட். நான்கு போல்ட் எடுத்தால் வெளியே வரும். பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டியதில்லை. அசெம்பிளியாக மாற்றுவது வேலையை எளிதாக்கிய இடம் இது.

---

ரிங் ஸ்பானர்

> நான்கு போல்ட் எடுத்தால் வெளியே வரும்.

ஹப் விஷயத்துல உங்களோட கை கோக்குறேன் சார். துரு பிடிக்காம இருந்தா நிஜமாவே நல்ல ஏற்பாடு. பிரஸ் பேரிங்கைத் தட்டி எடுக்குற வலி எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனா சக்கரத்தை வண்டியோட பிணைக்கிற லோயர் ஆர்மைப் பாருங்க. நுனியில இருக்குற பால் ஜாயின்ட் தேயும், அது இயல்பு. முன்னாடி மூணு போல்ட்ல ஜாயின்ட் மட்டும் வெளியே வரும். இப்ப பல வண்டியில அதை ரிவெட் அடிச்சோ, ஆர்மோட சேர்த்தோ விட்டுடுறாங்க. ஜாயின்ட் தேஞ்சா ஆர்ம் முழுசும் மாத்தணும், ஆர்மை எடுத்தா வீல் அலைன்மென்ட் பார்க்கணும்.

அதைவிட என்னைக் கோபப்படுத்துற விஷயம் 'ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்'னு எழுதி விக்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். யாரோட ஆயுசு? அந்த கியர்பாக்ஸைச் செய்யிற ஜெர்மன் நிறுவனமான இசட்எஃப், தன்னோட ஆறு கியர், எட்டு கியர் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள்ள ஆயில் மாத்தச் சொல்லுது. அதையே வாங்கிப் பொருத்துற கார் கம்பெனி கையேட்டுல மாத்தவே வேண்டாம்னு இருக்கும். சரி, மாத்தலாம்னு கீழ படுத்தா, ஃபில்டர் தனியா வராது. அடியில ஆயில் தேங்குற தட்டான சம்ப்பே பிளாஸ்டிக், ஃபில்டர் அதுக்குள்ளயே ஒட்டி இருக்கும். சம்ப்போட சேர்த்துத்தான் வாங்கணும்.

இன்னொண்ணு, வால்வுகளைச் சரியான நேரத்துல திறக்க வைக்கிற டைமிங் பெல்ட்டை இன்ஜின் ஆயிலுக்குள்ளயே ஓட விடுறது. உராய்வு குறையும், சத்தம் குறையும்னு சொன்னாங்க. தப்பான ஆயில் ஊத்தினாலோ, ஆயில்ல பெட்ரோல் கலந்தாலோ ரப்பர் ஊறி உரியுது. உரிஞ்ச தூள் ஆயில் பம்ப்போட வடிகட்டியில போய் அடைக்குது. பெல்ட் அறுந்தா மட்டும்தான் ஆபத்துன்னு இல்ல, அறுகிறதுக்கு முன்னாடியே ஆயில் பிரஷர் விழுந்து இன்ஜின் போகலாம். வெளியில ஓடுற பெல்ட்டுக்கு மேல் மூடியை எடுத்தா நிலைமை தெரியும். இதுக்குப் பிரிச்சுத்தான் பார்க்கணும்.

---

அகல்யா_ஓட்டுநர்

நான் வண்டி ஓட்டித்தான் பிழைக்கிறேன். எல்லோரும் பாகத்தையும் வேலைக்கூலியையும் பற்றிப் பேசுகிறீர்கள். வண்டி நிற்கிற நாட்களை யாரும் சொல்லவில்லை. ஹெட்லைட் பல்ப் போனால் முன்பெல்லாம் பெட்ரோல் போட நிறுத்துகிற நேரத்தில் மாற்றிவிட்டு ஓடுவேன். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அந்த இடம் சூடேறி சீக்கிரம் போய்விடும் என்பதுவரை தெரியும். எச்7 பல்ப் ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கும். இப்போது விளக்கு போனால் பட்டறையில் முறை வர வேண்டும், பாகம் வர வேண்டும், கோடிங் செய்கிற ஆள் வர வேண்டும். அதுவரை ஒற்றை விளக்கோடு இரவில் ஓட்ட முடியாது. ஓட்டவும் கூடாது.

வழியில் ஓட்டுநரே விளக்கை மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லையா?

---

வயரிங்

அகல்யா அக்கா, இருக்கிறது. ஐ.நா. வாகன விதிகளில் விளக்குகள் பொருத்துவதற்கான 48ஆம் விதி. தரப்படுத்தப்பட்ட இழை பல்புகள் உள்ள விளக்கென்றால், நிபுணர் உதவி இல்லாமலும், வண்டியோடு வந்த கருவிகளைத் தவிர வேறு சிறப்புக் கருவி இல்லாமலும் மாற்ற முடிய வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். ஆனால் மாற்றவே முடியாத ஒளிமூலத்தோடு அங்கீகாரம் பெற்ற விளக்குக்கு அது பொருந்தாது. எல்ஈடி அசெம்பிளிகள் அந்த விதிவிலக்கில்தான் வருகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புது வகைக் கார்களுக்குப் பகல் விளக்கு கட்டாயம் ஆனது. இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் எரிகிற விளக்கு என்றால் இழை பல்ப் அடிக்கடி போகும், எல்ஈடி நீடிக்கும். அதனால் எல்ஈடிக்கு மாறியது நியாயம்தான். சிக்கல் எங்கே என்றால், நீடிப்பது எல்ஈடி சில்லு மட்டும். அதற்கு மின்சாரம் தருகிற டிரைவர் பலகை, சூடாகிக் குளிர்ந்து விரிகிற சாலிடர் இணைப்புகள், உள்ளே நுழைகிற ஈரம், இவைதான் முதலில் போகின்றன.

நிலா, உங்கள் விளக்கு அணைவதற்கு முன் துடித்தது என்றீர்கள். அது பெரும்பாலும் சில்லின் சாவு அல்ல. அசெம்பிளி வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பின்பக்க கனெக்டர்: பிளக்கைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, கிரவுண்ட் வயர் பாடியில் முடிகிற இடம். மூன்று, டிரைவர் மாட்யூல் எங்கே இருக்கிறது என்பது. நிறைய ஹெட்லைட்டுகளில் அது கூட்டுக்கு வெளியே, அடிப்பக்கம் தனி அலுமினியப் பெட்டியாகத் திருகப்பட்டிருக்கும். அப்படியென்றால் அது தனிப் பாகமாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். உதிரிபாக வரைபடத்தில் ஹெட்லைட்டின் வெடிப்புப் படத்தை (ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துக் காட்டும் படம்) கேட்டுப் பாருங்கள். கவுன்ட்டரில் 'தனியா வராது' என்று சொல்கிறவர் எல்லா நேரமும் அந்தப் படத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

கூட்டைத் திறக்கும் யோசனை வந்தால்: கறுப்பாக, சூடு காட்டினால் மென்மையாகிற பியூட்டைல் பசை என்றால் திறந்து மறுபடி ஒட்டலாம். கெட்டியாக இறுகுகிற பாலியூரத்தேன் பசை என்றால் விட்டுவிடுங்கள், கூடு விளிம்பில் பிளந்துவிடும். திறந்து மூடிய பிறகு காற்றோட்டச் சவ்வு அடைபடாமல் இருக்க வேண்டும், வெளிச்சம் எந்த உயரத்தில் அடிக்கிறது என்ற விளக்கின் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும். எதிரே வருகிறவர் கண்ணில் வெளிச்சம் அடித்தால் நீங்கள் மிச்சப்படுத்தியதற்கு அர்த்தமில்லை.

---

நெடுஞ்சாலை நிலா

வயரிங், மிக்க நன்றி. வெடிப்புப் படம் என்று ஒன்று கேட்கலாம் என்பதே இப்போதுதான் தெரியும். நாளையே கேட்கிறேன்.

---

தென்றல்77

பழுதுபார்க்கும் உரிமைச் சட்டங்கள் வந்தால் இதெல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லேயே கார்களுக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததாகப் படித்திருக்கிறேன்.

---

பழைய வண்டிக்காரன்

வந்தது. கம்பெனி டீலருக்குக் கொடுக்கிற பழுது கண்டறியும் தகவலையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்றது. 2020ல் அதே மாநில மக்கள் வாக்களித்து, வண்டி கம்பியில்லா வழியில் அனுப்பும் தரவுக்கும் அதை நீட்டித்தார்கள். இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. அசல் பாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. ஹெட்லைட், பம்பர் மாதிரி வெளியே தெரியும் பாகங்களில் அந்த வடிவத்தை வேறு யாரும் செய்யக்கூடாது என்கிற வடிவ உரிமை வேறு குறுக்கே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் கொண்டுவந்த வடிவமைப்புச் சட்டத்தில், பழைய தோற்றத்துக்குத் திருப்பப் பயன்படும் மாற்றுப் பாகத்துக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு எதிர்ப்பக்கம் போய், பானெட், ஹெட்லைட் வடிவங்கள் மீதான காப்புரிமை செல்லும் என்றது.

எல்லாம் தேவையான சண்டைகள். ஆனால் இவற்றில் எதுவும் ஃபிளாப் மோட்டாரை டாஷ்போர்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கப் போவதில்லை. பாகம் கிடைக்கலாம், தகவல் கிடைக்கலாம். அங்கே கை போகுமா என்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

---

மூன்றாம் கியர்

ஒரு மாற்றுக் கருத்து. பத்து வருடம் தொடாமல் ஓடுகிறது என்றால், அதன் பிறகு ஒருநாள் கஷ்டப்படுவதில் என்ன தப்பு? எனக்கு வண்டியில் கை வைக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. மாதம் ஒருமுறை கிரீஸ் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். என் ஃபிளாப் மோட்டார் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் இன்றைய வண்டி எனக்குத் தந்த தொல்லை குறைவு.

---

உலோகவியல்

மூன்றாம் கியர் சொல்வது எங்கள் கூட்டங்களில் தினமும் ஒலிக்கிற வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. முதல் உரிமையாளரின் கணக்கு அது. வண்டி அவரிடம் இருக்கும்வரை எதுவும் போகாது. போகிற வயதில் வண்டி இரண்டாவது, மூன்றாவது ஆளிடம் இருக்கும். புது வண்டி வாங்கும் மேசையில் அவர் உட்கார்வதே இல்லை. அவருக்குக் கட்டுப்படியாகாத ஒரு பழுதில் மற்றபடி நல்ல வண்டி உடைப்புக்குப் போகிறது. எனக்கு இந்தத் துறையில் உறுத்துகிற விஷயம் இதுதான்.

ஆனால் மாற்ற முடியாதது அல்ல என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனங்களோடு இணைந்த ஆய்வு மையங்கள் உலகளவில் ஆர்கார் என்ற அமைப்பாகச் செயல்படுகின்றன. அவர்களுடைய குறைந்த வேக மோதல் சோதனை ஒன்றில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், வண்டியின் முகப்பு அகலத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோதவிடுவார்கள். பிறகு பழுதுபார்க்க என்ன ஆகும் என்று கணக்கெடுப்பார்கள். அந்தக் கணக்கு சில நாடுகளில் காப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கிறது. காப்பீடு அதிகமானால் வண்டி விற்காது.

விளைவு என்ன தெரியுமா? பம்பருக்குப் பின்னால் இருக்கிற குறுக்குக் கம்பமும் அதன் இரு பக்கமும் நசுங்கிச் சக்தியை வாங்குகிற கிரஷ் பாக்ஸும் போல்ட் போட்டவையாக மாறின. வெல்டிங்கை வெட்டாமல் கழற்றி மாற்றலாம். சில ஹெட்லைட்டுகளில் லேசான இடியில் உடைகிற பிளாஸ்டிக் காதுகளுக்குத் தனியாக ரிப்பேர் கிட் வருகிறது: உடைந்த காதை வெட்டிவிட்டு, புதுக் காதைக் கூட்டில் திருகிவிடலாம், ஹெட்லைட் தப்பிக்கும். இந்த ஹெட்லைட்டுகளைச் செய்கிறவர்களும் நாங்கள்தான். மோதலில் உடைகிற காதுக்கு வழி செய்தோம், ஏனென்றால் ஒருவர் கணக்குக் கேட்டார். வயதில் சாகிற டிரைவர் பலகைக்கு வழி செய்யவில்லை, ஏனென்றால் அதைக் கணக்கெடுக்கிறவர் யாரும் இல்லை.

விரைவில் தேய்கிற பாகம் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எட்டாத இடத்தில் வைத்தால் வண்டி இருக்கும்வரை அது இருக்க வேண்டும். இதைப் புள்ளி போட்டு மதிப்பிட்டு, புது வண்டியின் பாதுகாப்பு நட்சத்திரக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே வெளியிட்டால் இரண்டே மாடல் தலைமுறையில் வடிவமைப்பு மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

---

ரிங் ஸ்பானர்

சார் சொன்னது மனசுல பட்டுச்சு. அந்தப் புள்ளி ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கு, யாரும் வாங்குறவங்களுக்குக் காட்டுறது இல்ல, அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் வேலை நேரப் பட்டியல்னு ஒண்ணு உண்டு. இந்த வேலைக்கு இவ்வளவு மணி நேரம்னு கம்பெனியே எழுதி வச்சிருக்கும், கூலி அதை வச்சுத்தான். கொஞ்சம் பொதுவான தகவல் தளங்கள்லயும் அது கிடைக்கும்.

வண்டி வாங்குறதுக்கு முன்னாடி இந்த வேலைகளுக்கு மட்டும் நேரம் கேட்டுப் பாருங்க: ஹெட்லைட், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கிளட்ச், ஏசி எவாப்பரேட்டர், ஃபியூவல் பம்ப், டைமிங் செயின் இல்லன்னா பெல்ட். டைமிங் செயின் இன்ஜினோட எந்தப் பக்கம் இருக்குன்னு கண்டிப்பா கேளுங்க. கியர்பாக்ஸ் பக்கம்னா செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் போனாலும் இன்ஜினோ கியர்பாக்ஸோ இறங்கணும். ஒரே மாதிரி இருக்குற ரெண்டு வண்டியில ஒண்ணுக்கு ஒரு மணி நேரமும் இன்னொண்ணுக்கு அஞ்சு மணி நேரமும் போட்டிருப்பாங்க. சீட் துணியும் ஸ்கிரீனும் பார்க்குற நேரத்துல இதையும் பார்த்துடுங்க.

பட்டறைக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கழட்டுன இடத்துல பழைய கிளிப்பையே உடைச்சு வச்சு அனுப்பாதீங்க. அடுத்த தடவை அந்த லைனர் டயர்ல உரசும்.

---

அகல்யா_ஓட்டுநர்

ஃபியூவல் பம்ப் என்றதும் கேட்கிறேன் அண்ணா. பம்பும் ஃபில்டரும் இப்போது டேங்குக்கு உள்ளேயே ஒன்றாக இருக்கிறதாம். டேங்கை இறக்க வேண்டாம், பின் சீட்டுக்குக் கீழே தரையை வெட்டி வழி செய்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

---

ரிங் ஸ்பானர்

வேண்டவே வேண்டாம் அகல்யா. கீழ பெட்ரோல் ஆவி நிக்குற இடத்துல வெட்டுற மெஷினோட பொறி பறக்கும். பெட்ரோல் பைப்பும் வயரும் தரைக்கு ஒட்டியே போகுது, எங்க இருக்குன்னு மேல இருந்து தெரியாது.

முதல்ல பின் சீட்டோட உட்காருற பகுதியைத் தூக்கிப் பாருங்க. முன்பக்கம் ரெண்டு கிளிப், மேல இழுத்தா வரும். அடியில ஃபெல்ட் விரிப்புக்குக் கீழ வட்டமாவோ சதுரமாவோ ஒரு தகர மூடி இருக்கான்னு கையால தடவிப் பாருங்க. நிறைய வண்டியில கம்பெனியே மூடி வச்சிருக்கு, பட்டறையில விஷயம் தெரியாம டேங்கை இறக்குறவங்களும் உண்டு. சில வண்டியில ரெண்டு பக்கமும் மூடி இருக்கும், ஒண்ணுல பம்ப், இன்னொண்ணுல லெவல் சென்சார் மட்டும்.

மூடி இருந்தா வேலை சுலபம். டேங்கில் கால் பங்குக்குக் கீழ பெட்ரோல் இருக்கும்போது செய்யச் சொல்லுங்க. பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிட்டு இன்ஜின் தானா நிக்குற வரைக்கும் ஓட விட்டா லைன்ல பிரஷர் இறங்கிடும், அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். மூடியைச் சுத்தி இருக்குற மண்ணை வேக்யூம்ல இழுத்துட்டுத்தான் வளையத்தைத் திறக்கணும், இல்லன்னா அத்தனையும் டேங்குக்குள்ள விழும். வளையத்துக்குக் கீழ இருக்குற பெரிய ரப்பர் ஓரிங் புதுசு போடச் சொல்லுங்க, பழசு ஊறிப் பெருத்திருக்கும், திரும்ப உட்காராது.

மூடி இல்லன்னா டேங்கை இறக்குறதுதான் வழி. எந்த வண்டின்னு சொல்லுங்க, வேலை நேரம் எவ்வளவு போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்றேன்.